குளிக்கப் போகிற உடம்பு

கரமனைத் தெருவில் ஒரு பிராமணர் வீட்டில் நாய் வளர்ந்தது என்று சொன்னால் இன்றைக்கும் யாரும் நம்பமாட்டார்கள். அந்தத் தெருவில் நாய் என்பது எச்சிலிலைக்கு வரும், கல்லடி வாங்கும், வாலைக் காலிடுக்கில் செருகிக்கொண்டு ஆற்றங்கரைக்கு ஓடும். அதோடு அதன் கதை முடிந்தது. அதற்கு ஒரு பெயர் வைத்து, விடிந்ததும் விடியாததுமாகக் காதைத் துடைத்து, நகத்தைத் தேய்த்து, பிரஷ் போட்டு வாரிவிடுவதாவது! அதுவும் யார்? பாகீரதி. மடி ஆசாரம் என்றால் பாகீரதியைக் கேள் என்று தெருவே சொல்லும். பக்கத்து வீட்டுக் குழந்தை தள்ளி நின்று தும்மினால்கூடப் புடவையை ஒதுக்கிக்கொண்டு நகர்கிறவள் அவள்.

எல்லாம் எஞ்சினீயர் துரை பண்ணின வேலை. மலையாளக் கணக்கில் ஆயிரத்துத் தொண்ணூற்றொன்பதாம் வருஷத்து வெள்ளம் வந்துபோய் நாலைந்து வருஷம் ஆகியிருக்கும். பாகீரதியின் கணவர் ஸ்ரீகண்டன் மராமத்து ஆபீஸில் குமாஸ்தா. துரை வேலையை முடித்துக்கொண்டு சீமைக்குக் கிளம்பும்போது, தம் வீட்டு நாய் போட்ட குட்டிகளில் ஒன்றை அவருக்குக் கொடுத்தார். பெரிய மரியாதை செய்வதாக துரைக்கு எண்ணம். ஒரு கடிகாரம் கொடுத்திருக்கலாம், ஒரு குடையாவது கொடுத்திருக்கலாம். துரை கொடுத்ததை வேண்டாம் என்று சொல்ல எந்தக் குமாஸ்தாவுக்குத் துணிவு வரும்? ஸ்ரீகண்டன் கும்பிட்டு வாங்கிக்கொண்டார். கையால் வாங்கவில்லை, வாயால் வாங்கிக்கொண்டார். குட்டியைச் சுமந்து வந்தது துரை வீட்டு பட்லர் ஞானசிகாமணி.

அவன் சந்து வழியாகக் கொல்லைக்கு வந்து பலா மரத்தடியில் கூடையை இறக்கினான். உள்ளே ஒரு குட்டி. உடம்பு வெள்ளை, ஒரு காது மட்டும் தவிட்டு நிறம். மயிர் என்று பிடித்து இழுக்க ஒன்றும் இல்லை. வெல்வெட்டுத் துணியைத் தைத்துப் போட்டதுபோல உடம்போடு ஒட்டிக் கிடந்தது. துரை வைத்த பெயர் பஞ்ச். கரமனையின் வாயில் அது ஒரே நாளில் பஞ்சு ஆகிவிட்டது.

கூடவே ஒரு பிரஷ்ஷும் வந்தது. முட்டை வடிவம், முதுகில் ஒரு தோல்வார். வாருக்குள் கையை நுழைத்துக்கொண்டால் உள்ளங்கையே பிரஷ் ஆகிவிடும். ஞானசிகாமணி அதை எப்படிப் போடுவது என்று ஸ்ரீகண்டனுக்கு ஒரு தடவை காட்டினான். இந்த ஜாதிக்கு அடிக்கடி குளிப்பாட்ட வேண்டாம், குட்டை மயிர், தினம் பிரஷ் போட்டால் அழுக்கு தானே உதிரும் என்றான். முதலில் பிரஷ்ஷை மூக்குக்கு எதிரே நீட்டி மோந்து பார்க்கவிட வேண்டும். அப்புறம் ஒரு காலைக் கையில் வாங்கிச் சும்மா வைத்துக்கொள்ள வேண்டும். அது இழுக்காமல் விட்டுவைத்த பிறகுதான் பிரஷ் முதுகில் படலாம். மயிர் படிந்த பக்கமே போகவேண்டும். காதைத் துணியால் துடைத்து உண்ணி இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். குட்டிக்கு அலுப்பு வருவதற்கு முன்பே நிறுத்திவிட வேண்டும். இதெல்லாம் சமையலறை வாசலிலிருந்து பாகீரதியின் காதில் விழுந்தது. நாய்க்குத் தலைவாரிப் பூ வைக்கவும் சொல்வான் போலிருக்கிறது என்று அவள் முணுமுணுத்துக்கொண்டாள்.

"அவசரம் மட்டும் ஆகாது சாமி. நம்ம கை பதறினா அதுக்கு உடம்பெல்லாம் பதறும்" என்று சொல்லிவிட்டு ஞானசிகாமணி போனான்.

ஸ்ரீகண்டனுக்கு அவசரத்தைத் தவிர வேறு ஒன்றும் தெரியாது. மறுநாள் ஆபீஸிலிருந்து வந்ததும் வராததுமாகக் குட்டியை இரண்டு முழங்காலுக்கும் நடுவில் தேங்காய் உரிக்கிற மாதிரி இடுக்கிக்கொண்டு, எதிர்மயிராகப் பிரஷ்ஷைப் போட்டு ஒரு இழு இழுத்தார். குட்டி அவர் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டது. அத்தோடு அவருடைய உத்தியோகம் தீர்ந்தது. பிரஷ் மாட்டுக்கொட்டிலில் ஆணியில் தொங்கியது, பஞ்சு பலா மரத்தடியில் கயிற்றில் கிடந்தது. வேளைக்குச் சோறு மட்டும் எட்டி நின்று இலையில் தள்ளப்பட்டது.

மாட்டுக்கொட்டில் பக்கம் கட்டின நாய்க்கு உண்ணி வராமல் என்ன செய்யும்? காதுக்குள்ளும் விரலிடுக்கிலும் மிளகு மிளகாகப் பற்றிக்கொண்டது. இராவும் பகலும் சொறிந்து சொறிந்து, விசும்புகிற மாதிரி ஒரு சத்தம். அழுகை என்றால் திட்டி அடக்கலாம். இது அழுகைகூட இல்லை. பாகீரதியின் இரண்டு பெண்களும் கல்யாணமாகி, ஒருத்தி திருநெல்வேலியிலும் ஒருத்தி கல்லிடைக்குறிச்சியிலும் இருந்தார்கள். சின்னவள் குழந்தையில் காதுவலி வந்தால் இப்படித்தான் விசும்புவாள். அந்த ஞாபகம் வந்திருக்க வேண்டாம், வந்துவிட்டது.

மறுநாள் விடியற்காலையில், ஆற்றுக்குக் குளிக்கப் போகிறவள் பலா மரத்தடியில் நின்றாள். கட்டியிருந்தது படுக்கையில் கிடந்த பழைய புடவை, மயில்கழுத்து நிறம், சாயம் போனது. விழுப்பு, மடியில்லாத துணி. இன்னும் கொஞ்ச நேரத்தில் ஆற்றில் முங்கப் போகிற உடம்பு. அதில் நாய் பட்டால் என்ன, பேய் பட்டால் என்ன? குளிக்கப் போகிற உடம்புதானே என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு, துணி துவைக்கிற கல்லின்மேல் உட்கார்ந்து, குட்டியின் முன் வலது காலைக் கையில் வாங்கினாள்.

அது இழுத்தது. அவள் விட்டாள். மறுபடி வாங்கினாள், மறுபடி இழுத்தது, மறுபடி விட்டாள். அன்றைக்கு நடந்தது அவ்வளவுதான். ஆனால் ஆற்றுக்கு இறங்கும்போது உள்ளங்கையில் அந்தச் சின்னக் காலின் சூடு ஒட்டிக்கொண்டே வந்தது. தண்ணீரில் கையை முக்க மனசே வரவில்லை. சீ, என்ன புத்தி இது என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டு முங்கினாள்.

அப்புறம் அது ஒரு வழக்கமாகிவிட்டது. விடிவதற்கு முன் எழுவாள், கொட்டிலில் ஆணியிலிருந்து பிரஷ்ஷை எடுப்பாள், கல்லில் உட்காருவாள். பஞ்சு வந்து பிரஷ்ஷை மோந்து பார்க்கும், பிறகு வலது முன்காலைத் தூக்கித் தானே அவள் கையில் வைக்கும். அதுதான் தொடக்கம். அந்தக் காலைக் கொஞ்ச நேரம் சும்மா வைத்திருப்பாள். கழுத்திலிருந்து வால்வரை பிரஷ் மெதுவாக இறங்கும். உதிர்ந்த வெள்ளை மயிர் கல்லில் படியும். ஈரத்துணியால் கண்ணோரம், காது, வயிறு. உண்ணி இருந்தால் மஞ்சளும் எண்ணெயும் தொட்டுவைத்து, பிடி தளர்ந்த பிறகு எடுப்பாள். நகத்தைக் கல்லில் லேசாக உரசிவிடுவாள். பஞ்சு பாதிக் கண்ணை மூடிக்கொண்டு அவள் முழங்காலில் மோவாயைச் சாய்த்துக்கொள்ளும். அது அலுத்து நெளிவதற்குள் எழுந்துவிடுவாள். ஞானசிகாமணி சொன்னது சரிதான், அவசரப்படாத கைக்கு அந்த ஜீவன் எல்லாவற்றையும் கொடுத்தது.

பாகீரதிக்கு அந்த நேரம் என்னவாக இருந்தது என்று யாருக்குத் தெரியும்? குளித்து வந்தபின் அவளை யாரும் தொடக்கூடாது, அவளும் யாரையும் தொடமாட்டாள். சமைத்து, பூஜைக்கு எடுத்து வைத்து, பரிமாறி, மடியாகவே சாப்பிட்டு, மாலையில் மறுபடி குளித்து மறுபடி மடி. கணவரோ நாலு வார்த்தைக்கு மேல் பேசாத மனிதர். பெண்கள் போன பிறகு, ஒரு முழு நாளில் அவள் தொட்ட உயிர் அந்த நாய்க்குட்டி ஒன்றுதான். அவள் பஞ்சுவிடம் பேசவும் செய்தாள். பெண்களின் கடுதாசி வராத குறையைச் சொல்வாள், மாமியார் காலத்துச் சண்டையைச் சொல்வாள். அது பாதிக் கண்ணோடு கேட்டுக்கொண்டிருக்கும்.

ஒரு நாள் அவள் ஆற்றிலிருந்து ஈரப்புடவையோடு வருகிறாள். பஞ்சு கயிற்றை அறுத்துக்கொண்டு குதித்தோடி வந்து இரண்டு முன்காலையும் அவள் இடுப்பில் வைத்தது. காலையில் கொஞ்சினவள்தானே, இப்போது என்ன வந்தது என்று அதற்கு எப்படித் தெரியும்? பாகீரதி திரும்பிப் போய் முங்கினாள். மறுநாளும் அப்படியே ஆயிற்று, மறுபடி முங்கினாள். ஜலதோஷம் வந்து ஜுரமே வந்துவிட்டது. நாயைத் துரத்திவிடு என்று ஸ்ரீகண்டன் சொன்னார். அடிக்க அவளுக்குக் கை வரவில்லை. பிரஷ் போட்ட பொறுமையாலேயே இதையும் சொல்லிக்கொடுத்துவிடலாம் என்று முடிவு செய்தாள்.

கிணற்றடித் தண்ணீர் ஓட ஒரு சின்ன வாய்க்கால் கொல்லையைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகும். வீட்டுப்பக்கம் மடி, பலா மரத்துப்பக்கம் பஞ்சு. மயில்கழுத்துப் புடவையில் அவள் இருந்தால் வரலாம். ஈரப்புடவையோ மடிப்புடவையோ என்றால் வாய்க்காலைத் தாண்டக்கூடாது. அது நெருங்கினால் உள்ளங்கையை விரித்து நீட்டுவாள். பின்வாங்கி நின்றால் ஒரு தோசைத் துண்டு பறந்து வரும். ஒரு தரம் அதட்டவில்லை, ஒரு கல் எறியவில்லை. பஞ்சு கற்றுக்கொண்டது. கொஞ்ச நாளில் கயிறே வேண்டியிருக்கவில்லை. அவள் குளித்துக் கரையேறினால், பஞ்சு தானே எழுந்து வழிவிட்டுப் பின்னால் போய் நிற்கும். கையை நீட்டினால் இன்னும் நாலடி பின்னால் போகும். நீட்டின கை விலகு என்று சொல்கிறது என்பதில் அதற்குச் சந்தேகமே இல்லை.

தெருவுக்கு இது பெரிய வேடிக்கையாகிவிட்டது. பெண்கள் கொல்லைவழியாக வந்து எட்டிப் பார்த்தார்கள். பக்கத்து வீட்டு சாவித்ரி, வாயாடி, "எங்காத்து மனுஷாளுக்கு இல்லாத ஆசாரம் உங்காத்து நாய்க்கு உண்டே மாமி" என்றாள். பாகீரதிக்குப் பெருமை தாங்கவில்லை. பெருமையை வெளியில் காட்டாமல் உதட்டைக் கடித்துக்கொண்டாள். அந்தப் பெருமைதான் அவளைக் கெடுத்தது.

ஐப்பசியில் மாமனாரின் திவசம் வந்தது. துலாமழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்தது. கொல்லையில் புல் முழங்கால் உயரம், பலா மரத்துக்கு அப்பால் விறகும் பழைய ஓலையும் குவிந்து கிடந்தன. முதல் நாள் வாத்தியார் வந்து பட்டியல் சொல்லிவிட்டுப் போகும்போது, கொல்லையைப் பார்த்து முகத்தைச் சுளித்தார். பிராமணாள் சாப்பிடுகிறபோது நாய் கண்ணில் பட்டுவிட்டால் திவசமே கெட்டது, பித்ருக்கள் வந்த வழியே திரும்பிவிடுவார்கள் என்று ஸ்ரீகண்டனிடம் கறாராகச் சொன்னார். அந்த ஒரு நாளைக்குப் பஞ்சுவைப் பால்காரன் குடிசையில் விட்டுவைக்கலாமே என்று சாவித்ரி யோசனை சொன்னாள். அவளுடைய வேலைக்காரியே கொண்டுபோய் விடுவாள் என்றும் சொன்னாள். நல்ல யோசனை. கேட்டிருக்கலாம்.

"அவனை எங்கேயும் அனுப்ப வேண்டாம். நான் இருன்னா இருப்பான்" என்று பாகீரதி சொல்லிவிட்டாள்.

திவசத்தன்று விடிவதற்கு வெகு முன்பே குளித்தாக வேண்டும். பிரஷ் போட நேரமில்லை. பஞ்சு வழக்கம்போலக் கல்லின் பக்கத்தில் வந்து காத்திருந்தது. நாளைக்குப் போட்டுக்கலாம்டா என்று போகிற போக்கில் சொல்லிவிட்டு ஆற்றுக்கு இறங்கினாள். திரும்பி வரும்போதும் அது கல்லடியிலேயே உட்கார்ந்திருந்தது. அவள் உள்ளங்கையை விரித்து, பலா மரத்துக்கும் அப்பால், விறகுக் குவியல் பக்கம் போகும்படி காட்டினாள். அங்கே போனால்தான் கூடத்திலிருந்து பார்த்தால் தெரியாது. பஞ்சு ஒரு தடவை கல்லைத் திரும்பிப் பார்த்துவிட்டுப் புல்லுக்குள் போயிற்று.

அடுப்பில் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக ஏறிக்கொண்டிருந்தன. பாகற்காய், வாழைக்காய், பிரண்டைத் துவையல், பாயசம், எள்ளுருண்டை. ஒத்தாசைக்கு வந்த சாவித்ரியும் மடி. கூடத்தில் ஹோமப்புகை. சோற்றை வடித்து நிமிர்ந்த பாகீரதி, கண்ணைத் துடைத்துக்கொண்டு கொல்லை வாசல் வழியாக வெளியே பார்த்தாள்.

வாய்க்காலுக்கு அப்பால் பஞ்சு நின்றுகொண்டிருந்தது. கரைக்கு ஒட்டி, ஒரு விரற்கடைகூட இந்தப் பக்கம் வராமல் நின்றது. குரைக்கவில்லை, முனகவில்லை. முன் வலது காலைத் தரையில் ஊன்றாமல் தூக்கி வைத்துக்கொண்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தது.

முள் குத்தியிருக்கும் என்று அவள் முதலில் நினைத்தாள். அப்படித்தான் பிற்பாடு எல்லோரிடமும் சொன்னாள். ஆனால் அவள் பார்த்தது அதுமட்டும் இல்லை. அந்தக் கால் மற்றக் காலைவிடத் தடித்திருந்ததைப் பார்த்தாள். வாயோரம் எச்சில் நூலாக வடிந்ததைப் பார்த்தாள். அந்த உடம்பின் ஒவ்வொரு அங்குலத்தையும் தினமும் தடவின கை அவளுடையது. என்னமோ ஆகிவிட்டது என்று அவளுக்கா தெரியாது? வாசற்படியில் ஒரு காலை எடுத்தும் வைத்துவிட்டாள்.

அதே நேரம் கூடத்தில் வாத்தியார் இலை போடச் சொல்லிக் குரல் கொடுத்தார். இப்போது நாயைத் தொட்டால் மறுபடி ஆறு, மறுபடி மடி. பிராமணாள் கால் கழுவி உட்கார்ந்தாயிற்று, வேளை தப்பிவிடும். யாரையாவது கூப்பிடலாம் என்றால் யாரைக் கூப்பிடுவது? கணவர் தர்ப்பையோடு உட்கார்ந்திருக்கிறார். சாவித்ரி நெய்க்கிண்ணத்தோடு நிற்கிறாள். அன்றைக்கு அந்த வீட்டில் நாயைத் தொடக்கூடிய கை ஒன்றுகூட இல்லை. போதாததற்கு அது நிற்கிற இடத்திலிருந்து கூடம் நேராகத் தெரிகிறது. ஒருத்தர் தலையைத் திருப்பினால் போதும், வருஷத்துக்கு ஒரு நாள் வருகிற மாமனார் பட்டினியோடு திரும்பவேண்டியதுதான்.

பாகீரதி உள்ளங்கையை விரித்து நீட்டினாள். போ, அப்புறம் வரேன், போ என்று உதட்டை மட்டும் அசைத்தாள்.

பஞ்சு தூக்கின காலை மெதுவாகக் கீழே விட்டது. மூன்று காலால் நொண்டிக்கொண்டு புல்லுக்குள் திரும்பிப் போயிற்று. சொன்ன சொல் கேட்கிற பிள்ளை.

திவசம் ஒரு குறையும் இல்லாமல் நடந்தது. பாகற்காய் பிரமாதம் என்றார் வாத்தியார். பிண்டம் வைத்து, காக்காய்க்கு வைத்து, பிராமணாள் தாம்பூலம் தரித்து எழுந்து போகிறவரைக்கும் பாகீரதியின் கை வேலை செய்தது, கண் கொல்லையில் கிடந்தது. பரிமாறும்போது நெய் இலைக்கு வெளியே சிந்தியது. அவள் கையிலிருந்து அதுவரை ஒரு சொட்டு சிந்தினதில்லை. கடைசி ஆள் படியிறங்கினதும், சாப்பிடக்கூட உட்காராமல் கொல்லைக்கு ஓடினாள்.

விறகுக் குவியலுக்குப் பக்கத்தில் கிடந்தது பஞ்சு. கால் தோள்வரை வீங்கி, தோல் நீலம் பாரித்திருந்தது. ஈறில் இரத்தம் கசிந்திருந்தது. பக்கத்து ஓலையடியில் என்ன படுத்திருந்தது என்று சொல்ல ஆள் வேண்டியதில்லை. ஐயோ என்று இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு அவள் குனிந்தாள்.

பஞ்சு அவளைப் பார்த்தது. அவள் கட்டியிருந்த மடிப்புடவையைப் பார்த்தது. நீட்டின கைகளைப் பார்த்தது. நிற்க முடியாத அந்த ஜீவன், முன்னங்கால் ஒன்றை ஊன்றி, உடம்பை இழுத்துக்கொண்டு பின்னால் நகர்ந்தது.

அவள் இன்னும் கிட்டே போனாள். அது இன்னும் நகர்ந்தது. பஞ்சு, பஞ்சு, வாடா என்று கெஞ்சினாள். வாலை ஒருதரம் ஆட்டியது, ஆனால் பின்னாலேதான் போயிற்று. அவளுடைய மடியைக் காப்பாற்ற அது படுகிற பாட்டைப் பார்க்க அவளால் முடியவில்லை. சொல்லிக்கொடுத்ததைத் திரும்ப வாங்க ஒரு வார்த்தைகூட அவளிடம் இல்லை. மடிப்புடவையில் இருக்கும்போதும் கிட்டே வா என்பதை அவள் சொல்லிக்கொடுக்கவே இல்லையே.

மாட்டுக்கொட்டிலுக்கு ஓடினாள். கொடியில் கிடந்த மயில்கழுத்துப் புடவையை இழுத்து மடிப்புடவைக்கு மேலேயே சுற்றிக்கொண்டாள். ஆணியிலிருந்து பிரஷ்ஷை எடுத்தாள். கல்லில் உட்கார்ந்து, பதறுகிற கையை முழங்காலில் அழுத்தி நிறுத்தி, பிரஷ்ஷை நீட்டினாள். புடவையைச் சுற்றிக்கொள்ள எத்தனை நேரம் ஆயிற்று? ஒரு கரண்டி நெய் உருக்குகிற நேரம்கூட ஆகவில்லை. இதைக் காலையிலேயே செய்திருக்கலாம் என்பது அப்போதுதான் அவள் நெஞ்சில் இடித்தது.

பஞ்சு தலையைத் தூக்கிற்று. புல்லைத் தேய்த்துக்கொண்டு, இளைத்து இளைத்து நின்று, கல்லடிக்கு வந்து சேர்ந்தது. பிரஷ்ஷை மோந்து பார்த்தது. அப்புறம், வீங்கித் தடித்துப்போன அந்த வலது முன்காலையே, வழக்கம்போலத் தூக்கி அவள் கையில் வைத்தது.

பாகீரதிக்கு எல்லாம் ஒரே நொடியில் விளங்கிவிட்டது. காலையில் வாய்க்காலுக்கு அப்பால் நின்று வலிக்கிறது என்றா அது காலைத் தூக்கிக் காட்டியது? பார் என்று நீட்டியிருக்கிறது. வாங்கிக்கொள் என்று அவள் கைக்கு நீட்டியிருக்கிறது. அவளும் பதிலுக்குக் கையை நீட்டினாள், விலகிப் போ என்று.

கை கழுவத் தண்ணீர் எடுக்க வந்த ஸ்ரீகண்டன் வாசற்படியில் நின்றார். திவசத்தன்று, சாப்பிடாத வயிற்றோடு, விழுப்புப் புடவையில் மனைவி நாயை அணைத்துக்கொண்டு பிரஷ் போட்டுக்கொண்டிருக்கிறாள். அவர் நாயின் நீலம் பாரித்த காலைப் பார்த்தார். மேல்துண்டை எடுத்துப் போட்டுக்கொண்டு, ஆற்றுக்கு அக்கரையில் இருந்த விஷவைத்தியர் வேலாயுதனைக் கூட்டிவரத் தாமே தோணித்துறைக்குக் கிளம்பினார். நாலு வார்த்தைக்கு மேல் பேசாத மனிதர் அன்றைக்கு ஓட்டமாக ஓடினதைத் தெரு பார்த்தது.

கழுத்திலிருந்து வால்வரை, மயிர் படிந்த பக்கமே, பிரஷ் இறங்கிக்கொண்டிருந்தது. அவசரம் கூடாது. கை பதறினால் அதற்கு உடம்பெல்லாம் பதறும். கண்ணீர் அதன் முதுகில் விழுந்தபோது அதையும் துணியால் துடைத்துவிட்டாள். காதைத் துடைத்தாள், வாயோரத்து இரத்தத்தைத் துடைத்தாள். பஞ்சு பாதிக் கண்ணை மூடிக்கொண்டு முழங்காலில் மோவாயைச் சாய்த்தது. இன்றைக்கு அதற்கு அலுக்கவே இல்லை. அவளும் நிறுத்தவில்லை.

வேலாயுதன் வந்து பார்த்தபோது எல்லாம் முடிந்திருந்தது. காலைத் திருப்பிப் பல்பட்ட இடத்தைப் பார்த்துவிட்டு, அணலி என்றார். இந்தப் பக்கத்தில் கண்ணாடி விரியனுக்கு அதுதான் பெயர். காலையில் கொண்டுவந்திருந்தால் பிழைத்திருக்குமா என்று பாகீரதி கேட்டாள். அவர் அவள் முகத்தையும், சுற்றியிருந்த பழைய புடவையையும், கையிலிருந்த பிரஷ்ஷையும் பார்த்தார்.

"காலத்தே கொண்டுவந்தாலும் ஒண்ணும் செய்ய ஒக்காது அம்மா. சின்ன தேகமல்லவா" என்றார்.

நல்ல மனிதர். ஆனால் அதைச் சொல்லும்போது அவர் மருந்துப் பையின் முடிச்சைப் பார்த்துக்கொண்டு சொன்னார். பாகீரதி அதையும் கவனித்துக்கொண்டாள்.

பலா மரத்தடியில் ஸ்ரீகண்டன் மண்வெட்டியால் குழி எடுத்தார். துரையிடமிருந்து வாயால் மட்டும் வாங்கின குட்டியை அன்றைக்குத்தான் இரண்டு கையாலும் வாங்கினார். குழியை மூடிவிட்டு ஆற்றில் முங்கி வந்தார். மழை தூற ஆரம்பித்திருந்தது. பாகீரதி இன்னும் துவைக்கிற கல்லிலேயே உட்கார்ந்திருந்தாள். பிரஷ்ஷில் சிக்கின வெள்ளை மயிரை ஒவ்வொன்றாக எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டிருந்தாள். சாவித்ரி வந்து கூப்பிட்டுப் பார்த்துவிட்டுப் போனாள். ஸ்ரீகண்டன் கிணற்றிலிருந்து ஒரு குடம் தண்ணீர் இறைத்து, தாமே தூக்கிக்கொண்டு வந்து அவள் பக்கத்தில் நின்றார்.

"எழுந்துரு. நாயைத் தொட்ட உடம்பு. ஸ்நானம் பண்ணிட்டு ஒரு வாய் சாப்பிடு. விளக்கேத்தற நேரம் ஆயிடுத்து" என்றார்.

பாகீரதி நிமிர்ந்து பார்த்தாள்.

"தொட்டதுக்குக் குளிச்சாத் தீந்துடும். காலம்பற தொடாம நின்னேனே, அதுக்கு எங்கே போய்க் குளிக்கட்டும், சொல்லுங்கோ."

ஸ்ரீகண்டன் குடத்தைக் கீழே வைத்துவிட்டு, மழையில் அவள் பக்கத்திலேயே நின்றார்.